கொங்கிறீட்டுக்கு நல்ல தண்ணீர்

எழுதப் படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். சாதாரண தரம் வரைதான் படித்தேன். கணிதத்தில் சித்தியடையவில்லை. அதன் பிறகு நான் எழுதியவை எல்லாம் நிவாரணப் படிவங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் பேச்சு வராது. புதியவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் இன்றைக்கும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வேன். வயது ஐம்பதை நெருங்குகிறது.

ஆனாலும் எழுதுகிறேன். சில நாட்களுக்கு முன் கட்டட வேலை செய்கிறவர்களுக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். சுவரில் படம் காட்டிப் பேசிய ஒருவர், இந்தப் பகுதித் தொழிலாளர்களின் வேலை மெது என்றார். வேறு இடங்களில் ஒரு நாளில் முடிவதை இங்கே இரண்டு நாள் இழுக்கிறார்களாம். பிறகு இன்னொரு படத்தைக் காட்டி, மண்ணையும் தண்ணீரையும் பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்க நீங்கள் பழக வேண்டும் என்றார். கடைசியில், யாருக்காவது ஏதாவது கேட்க இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு இருந்தது. கை எழும்பவில்லை. சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குத் தூக்காத கையால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு மணல் துண்டு. வாவியை நாங்கள் ஆறு என்போம். என் கணவர் ஆற்றில் வலை போடுகிறவர். கல்யாணமாகி ஏழாம் வருடம் நாங்களே ஒரு கல்வீடு கட்டினோம். மேசனைப் பிடித்தது சுவருக்கு மட்டும்தான். தூணும் முன் மண்டபத்துக்கு மேல் போடும் கொங்கிறீட் தட்டும் அவரும் அவருடைய சிநேகிதர்களும் போட்டது. மணல் கடற்கரையிலிருந்து உரப்பைகளில் சுமந்தோம். வெள்ளையாய், ஒரு தூசி இல்லாமல் இருக்கும். அதைவிட நல்ல மணல் எங்கே கிடைக்கப் போகிறது என்று நினைத்தோம். தண்ணீருக்கும் தூரம் போகவில்லை. கடற்கரை மணலிலேயே பூவல் தோண்டி, ஊறிவந்த தண்ணீரை அள்ளிக் கலவையில் ஊற்றினோம். ஆறு நாளில் தூண்கள் எழும்பின. கெட்டிக்காரர்கள் என்று ஊர் சொன்னது. நாங்களும் நம்பினோம்.

சுனாமி வந்த காலையில் எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் நெஞ்சளவுக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, வடிந்தது. கடல் ஓரத்தில் போனதுபோல இங்கே வீடுகள் அடியோடு போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் நின்றன. எங்களுடையது நிற்கவில்லை. முன் தூண்கள் இரண்டும் முறிந்து, மேலிருந்த தட்டு என் கணவரின் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

முகாமிலிருந்து திரும்பியதும் நாள் கூலிக்கு இடிபாடு அள்ளும் வேலை கிடைத்தது. பெண்கள்தான் அதிகம். உடைந்த சுவர்த் துண்டுகளில் நல்லதைப் பொறுக்கித் தனியே குவிப்போம். புது வீடுகளின் அத்திவாரத்துக்குள் போடலாம் என்று. என் வளவின் முறை வந்தபோது முறிந்த தூணை நானே புரட்டினேன். கம்பியைத் தொட்டதும் கை நிறையப் பழுப்புத் தூள் வந்தது. விரல் மொத்தத்துக்கு வைத்த கம்பி, உள்ளே ஈர்க்கு அளவுக்கு மெலிந்திருந்தது. அதே இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஏறாவூர் மேசன் ஒருவர் எட்டிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். மூத்த முஸ்லிம் ஆண்களைக் கூப்பிடுவதுபோல நாங்கள் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம்.

"கடல் மண்ணா தங்கச்சி?"

"ஓம் காக்கா. தண்ணியும் அங்கதான் அள்ளினம்."

"அப்ப இது கடல் அடிச்சு முறிஞ்சது இல்ல. எப்பவோ முறிஞ்சிரிக்கி. கடல் வந்து தட்டிப் பாத்திட்டுப் போயிரிக்கி, அவ்வளவுதான்."

நாங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டிலுக்குப் போய்க் கணவரிடம் இதைச் சொல்லவில்லை. என் கையில் இருந்த பழுப்பு நிறத்தை அவர் பார்த்தார். நான் கழுவப் போய்விட்டேன்.

இனிக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த மணல் துண்டுக்கு அடியில் முழுக்க உப்புத் தண்ணீர்தான். மழைத் தண்ணீர் அதன்மேல் ஒரு படையாக மிதந்துகொண்டு நிற்கிறது. அந்த மேல் படையைத்தான் நாங்கள் குடிக்கிறோம். ஆகவே இங்கே பெண்கள் தண்ணீர் அள்ளுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வாளியைத் தொப்பென்று போட மாட்டோம். மெல்ல இறக்கிச் சரித்து, மேலே இருக்கும் தண்ணீர் மட்டும் வழிந்து உள்ளே வரவிட்டுத் தூக்குவோம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். நடுவில் கிணறு ஊற வேண்டும். அவசரப்பட்டு அள்ளினால் கீழே இருப்பது மேலே ஏறிவிடும். ஏறியது இறங்க ஒரு மாரி மழையாவது வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் துப்புரவாக்க ஆட்கள் வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். பம்பைப் போட்டு அடிவரை இறைத்தார்கள். உப்புப் போகவில்லை என்று மறுபடி வந்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்புக் கூடியது. மூன்றாம் தரம் வந்தபோது நான் கிணற்றைத் தகரத்தால் மூடி, மேலே கல் வைத்து, "கிணறு இடிஞ்சு போச்சு" என்று கதவுக்குப் பின்னால் நின்று பொய் சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மாரி முழுக்க ஒரு வாளிகூட அள்ளாமல் விட்டேன். அடுத்த வருடம் எங்கள் ஒழுங்கையில் நல்ல தண்ணீர் உள்ள கிணறு அது ஒன்றுதான். ஊரில் யாரிடமும் இதற்காக நான் பதக்கம் கேட்கவில்லை. ஆனால் தண்ணீரை மிச்சம் வைக்கப் பழக வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்ல வரத் தேவையில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு ஆறு வீடுகள் கட்டித் தர ஒரு வெளி நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கட்டும் பொறுப்பை ஒரு கொந்தராத்துக்காரர் எடுத்தார். அவரை நாங்கள் கண்டதில்லை. டெலிபோனில் குரல் மட்டும் கேட்கும். இடத்தில் நின்று வேலை பார்த்தவர் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சுப்பவைசர். முப்பது வயது இருக்கும். கெட்டவர் இல்லை. ஒழுங்கை முகப்பில் ஒரு வெள்ளைப் பலகை நட்டு, எந்த வீடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதுவார். பலகை பின்தங்கினால் டெலிபோன் அடிக்கும். அவர் முகம் வேர்த்துவிடும். ஏறாவூர்க் காக்காதான் தலைமை மேசன். எனக்கும் வேலை கிடைத்தது. பரல் என்கிற பீப்பாய்களில் தண்ணீர் நிரப்புவது, கட்டிய சுவரை நனைப்பது, பத்து மணிக்குத் தேத்தண்ணி போடுவது. என் வீட்டுக்கு நானே தண்ணீர் ஊற்றினேன், கூலியும் வாங்கினேன்.

வேகம் என்கிறார்களே, அந்த வேகத்தை அங்கே பார்த்தேன். முதல் நாள் அடித்த சீமெந்துக் கல்லை மூன்றாம் நாள் சுவரில் ஏற்றினார்கள். பக்கத்து வளவில் இருப்பவள் என் கணவரின் சித்தப்பா மகள், எனக்கு மச்சாள். அவள் வீட்டின் பின்சுவர் அப்படித்தான் வெடித்தது. இடித்துத் திரும்பக் கட்டினார்கள். பலகையில் ஒரு சுவர் என்றுதான் இருந்தது. ஒன்றை இரண்டு தரம் கட்டுவது எப்படி வேகமாகும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

என் கிணற்றை வேலைக்கு எடுக்க முதலில் கேட்டபோது, வாளியால் மட்டும் அள்ளுவதென்றால் சரி என்றேன். இரண்டு மாதம் அப்படியே நடந்தது. பிறகு திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை ஒரு பம்பு வந்து இறங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பு மூக்கு வைத்த குழாயை அடிவரை இறக்கினார்கள். என்னுடைய கிணறு. ஒரு சொல் சொல்லவில்லை. அதை இங்கே மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை உடுப்புக் கழுவும்போது சவர்க்காரம் நுரைக்கவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. அந்த நேரத்தில் பக்கத்து வளவில், மச்சாள் வீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர்களின் தலையில் கம்பி கட்டிச் சுற்றிவரப் போடுகிற கொங்கிறீட் பட்டிக்கு வேலைத்தளத்தில் அதுதான் பெயர்; கூரையைத் தாங்குவது அதுதான். என் கிணற்றுத் தண்ணீர்தான் கலவை மிசினுக்குள் போய்க்கொண்டிருந்தது. மச்சாள் சந்தோசமாய் நின்றாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை.

வாயால் சொல்ல வராது என்று தெரியும். பத்து மணிக்குத் தேத்தண்ணி போடும்போது, பவுசர் வண்டியில் வரும் குடிதண்ணீரை எடுக்காமல் பரல் தண்ணீரை எடுத்தேன். கொதிக்க வைத்து, சாயத்தைக் கடுப்பாய் விட்டு, சீனி தாராளமாய்ப் போட்டு, எல்லோருக்கும் கொடுத்தேன். என் கணவருக்கும் கொட்டிலுக்குள் ஒரு கோப்பை கொண்டுபோய் வைத்தேன்.

காக்கா ஒரு மிடறோடு துப்பினார். சுப்பவைசர் மரியாதைக்காரர், பாதிக் கோப்பை குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"அக்கா, சீனியெண்டு நினைச்சு உப்பையும் சேத்துப் போட்டிட்டியள் போல."

வேலையாட்கள் சிரித்தார்கள். "வீடு வாற சந்தோசத்தில அக்காக்குக் கை தடுமாறிட்டு" என்றான் ஒருவன்.

"உப்புப் போடல்ல," என்றேன்.

"அப்ப?"

நான் பரலைக் காட்டினேன். காக்கா எழும்பிப் போய்க் கையால் அள்ளி வாயில் வைத்தார். சுப்பவைசர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தத் தண்ணி சரிவராது. கம்பி கிடக்கிற வேலை. இதுல மூடினா நாலு மாரிக்குள்ள துருப்பிடிச்சு வெடிக்கும்."

"காக்கா, கொங்கிறீட் என்ன தேத்தண்ணி குடிக்கப் போகுதே? கொஞ்ச உப்புத்தானே."

"கொஞ்ச உப்பு எண்டா நீங்க ஏன் மிச்சத்தைக் கீழ வெச்சீங்க? குடிங்களன் பாப்பம்."

இப்போது சிரிப்பு சுப்பவைசர் பக்கம் திரும்பியது. அவர் சிவந்துபோய் டெலிபோனை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார். கொந்தராத்துக்காரரின் குரல் எங்களுக்கே கேட்டது. திரும்பி வந்தவர் யாரையும் பார்க்கவில்லை.

"பம்பைப் போடுங்கோ. வேலை தொடங்கட்டும்."

நான் கிணற்றடிக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. குழாயைப் பிடித்து இழுத்தேன். பாரம். இழுத்து முழுவதையும் வெளியே எடுத்து, இரும்பு மூக்கை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்தேன். சேலை முழுக்க நனைந்துவிட்டது.

"அக்கா, என்ன செய்யிறியள்? குழாயை விடுங்கோ."

"இந்தத் தண்ணி வேணாம்."

"தண்ணி வேண்டாமெண்டா காத்தை ஊத்தியே கொங்கிறீட் போடுறது?"

"ஆத்தங்கரைக் கோயில் கிணத்தில நல்ல தண்ணி கிடக்கு."

"உழவு மிசின் கல்லேத்தப் போயிட்டு. அது வந்து, நீங்கள் சொல்லுற கோயிலுக்குப் போய் வரப் பொழுது போயிடும். இண்டைக்கு இந்த வீடு முடியாட்டி, உங்கட வீடு இந்த முறை இல்லை. விளங்குதே? அடுத்த முறை எப்ப எண்டு எனக்கே தெரியாது. வாகரைப் பக்கம் சண்டை தொடங்கிட்டு. பாதையைப் பூட்டினா ஒரு பை சீமெந்தும் வராது."

அது உண்மைதான். பயமுறுத்த அவர் சொல்லவில்லை. எங்கள் தகரக் கொட்டிலுக்குள் பகலில் மனிதர் இருக்க முடியாது. என் கணவரின் வெட்டிய கால் வெக்கையில் புண்ணாகி ஆறாமல் இருந்தது. இதெல்லாம் என் மடியில் இருந்த இரும்பைவிடப் பாரமாய் இருந்தது.

சத்தம் கேட்டு மச்சாள் வேலியடிக்கு வந்தாள்.

"இஞ்ச என்ன கா கூத்து? உனக்கு வீடு வேணாமெண்டா பொத்திக்கொண்டு கிட. நாங்க ஆறு குடும்பம். உன்னால எங்கட திறப்பையும் நிப்பாட்டப் போறாங்க."

"தண்ணி உப்பு மச்சாள்."

"ஓ, நேத்துக் கலியாணம் முடிச்சு வந்தவ கண்டுபிடிச்சிட்டா! இஞ்ச எந்தத் தண்ணி கா உப்பில்லாம..." என்று தொடங்கியவள் பாதியில் நின்றாள். என் மடியைப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அதில் நேற்றுப் போட்ட பெல்ட் இன்னும் ஈரமாய்க் கறுத்துக் கிடந்தது.

"அப்ப நேத்து என்ட வீட்டுக்கு ஊத்தினது?"

அதுதான் என்று தலையாட்டினேன்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்துக் காலையிலதான் தெரியும்."

"என்ட வீட்டுக்கு ஊத்தக்குள்ள வாய மூடிட்டு நிண்டு, உன்ட வீட்டுக்கு எண்ட உடனே கிணத்துக்கட்டில ஏறி இருக்கிறாய். நல்லா இருப்பாய் கா."

அந்த நேரத்தில் குழாயைக் கிணற்றுக்குள் திரும்ப விட்டுவிட்டால் அவளுக்கும் எனக்கும் சமமாகப் போகும் என்றுகூட ஒரு நினைவு வந்தது. விடவில்லை. ஒரு வீட்டுக்குப் பிழை செய்தேன் என்பதற்காக இரண்டு வீட்டுக்குச் செய்ய வேண்டுமா?

சுப்பவைசர் பைலைத் திறந்து ஒரு தாளில் எழுதினார். குரல் இறங்கியிருந்தது.

"வீட்டுக்காரர் வேலையை மறுத்தவர் எண்டு எழுதியிருக்கிறன் அக்கா. கையெழுத்து வைக்க வேணும். வைச்சா வைச்சதுதான்."

குழாயை மடியில் வைத்தபடியே கையெழுத்து வைத்தேன். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ படிவங்களில் தாருங்கள், தாருங்கள் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று வைத்தது அது ஒன்றுதான்.

"சரி. மிசினைக் கழட்டுங்கோ. சீமெந்தையும் ஏத்துங்கோ, மற்ற ஒழுங்கைக்குப் போவம்."

எங்கள் பெல்டுக்கு வந்த சீமெந்துப் பைகள் கொட்டிலுக்குள் இருந்தன. சீமெந்தை நிலத்தில் வைக்கக் கூடாது. கொட்டிலில் பலகை என்றிருந்தது என் கணவரின் படுக்கை மட்டும்தான். ஆகவே பலகைமேல் பைகளை அடுக்கி, அதன்மேல் பாயை விரித்து, ஒரு கிழமையாக அவர் சீமெந்தின்மேல்தான் படுத்தார். இரண்டு வேலையாட்கள் உள்ளே போனார்கள். போன வேகத்தில் வெளியே வந்தார்கள்.

"ஐயா எழும்புறார் இல்ல."

சுப்பவைசர் போனார். நானும் பின்னால் போய்க் கதவடியில் நின்றேன். என் கணவருக்கு இந்த வீடு என்னைவிட வேண்டும். போன இரவுகூட, ஓடு போட்ட பிறகு கட்டிலை எந்தப் பக்கம் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார். என்னை ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தேத்தண்ணிக் கோப்பை பக்கத்தில் காலியாய்க் கிடந்தது.

"அண்ணன், கொஞ்சம் எழும்புங்கோ. சீமெந்தை எடுக்க வேணும்."

"எழும்பிறன் மனே. ஒத்தக் காலன் எழும்ப நேரம் எடுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அது என்னெண்டு சொல்லுற? நாளைக்கு மத்தியானம் வரை போகும்."

சுப்பவைசர் ஊன்றுகோலை எடுத்து நீட்டினார். என் கணவர் அதை வாங்கிப் பாய்க்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டுக் கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். கால் இல்லாத மனிதனைத் தூக்கி நிலத்தில் போட அங்கே யாருக்கும் கை வரவில்லை. சுப்பவைசருக்கும் சிரிப்பு வந்ததோ என்னவோ, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சீமெந்து கட்டிபட்டுப் போச்சு, எடுக்கேல்லை எண்டு எழுதிறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒழுங்கை முகப்பு வெள்ளைப் பலகையில் எங்கள் வீட்டுக்கு நேரே இருந்ததைத் துணியால் துடைத்தார்கள். மிசினை ஏற்றினார்கள். காக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இந்த பெல்டுக்கு எவ்வளவு தண்ணி பிடிக்கும் எண்டு நினைக்கிறீங்க?"

"தெரியாது காக்கா. பத்துப் பரல்?"

"ரெண்டு பரல் தாராளம். அவ்வளவுதான். ரெண்டு பரல் தண்ணிக்குத்தான் இவ்வளவு பாடும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு வேலை இல்ல. நிரப்பி வைங்க. மிசின் வேணாம், கையால குழைப்பம்."

பரல்களைக் கழுவிவிட்டு, பின்னேரம் முழுக்க நானும் ஒழுங்கையில் இரண்டு பெண்களும் கோயில் கிணற்றிலிருந்து சைக்கிளில் பிளாஸ்டிக் கான் கட்டித் தண்ணீர் சுமந்தோம். மச்சாள் வரவில்லை. வருவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். திறப்பு விழாவில் ஐந்து வீடுகளுக்குச் சாவி கொடுத்தார்கள். அந்த விழாவுக்கு நாங்கள் போகவில்லை. பாதை பூட்டினார்கள். வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கொட்டில் போடவே தகரம் போதவில்லை. கூரையில்லாத எங்கள் சுவருக்குள் தறப்பாள் கட்டி இரண்டு மாரி இருந்தோம். மழைக் காலத்தில் தறப்பாளில் தேங்கும் தண்ணீரை என் கணவர் ஊன்றுகோலால் தட்டித் தட்டி இறக்குவார். அந்த இரண்டு வருடமும் ஒரு நாள்கூட அவர் என்னைப் பார்த்து, ஏன் அன்றைக்குக் குழாயை இழுத்தாய் என்று கேட்கவில்லை. கிழக்கில் சண்டை முடிந்த பிறகு வேறொரு திட்டத்தில் கூரை வந்தது. கிணற்றுக்குள் பிறகு பம்பு இறங்கவில்லை. அதற்குள் பழைய தண்ணீரும் வந்துவிட்டது.

போர் முழுதாய் முடிந்து சில வருடங்களில் மச்சாள் வீட்டு முன்வாசலுக்கு மேலே பழுப்பாய் ஒரு கோடு ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் அவள் அதன்மேல் வெள்ளை அடிக்கிறாள். மழைக்குப் பிறகு கோடு திரும்ப வருகிறது. அந்த வழியால் போகும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். அவளிடம் நான் பட்ட கடன் கடைசிவரை அப்படியே இருக்கும். ஆனால் கிணற்றுக்கட்டில் இருந்ததற்காக யாரிடமும் தலை குனிய மாட்டேன்.

படம் காட்டியவரிடம் நான் கேட்க நினைத்தது இதுதான். ஐயா, உங்கள் கணக்கில் அன்றைக்கு நான் எந்தப் பக்கம்? பலகையில் ஒரு வீட்டைத் துடைக்க வைத்தவள் நான். ஒரு நாள் வேலையை நிறுத்தியவள். என்னைப் போன்றவர்களால்தான் இங்கே வேலை மெது என்று நீங்கள் எழுதினால் எழுதுங்கள். அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெதுவாய் அள்ளுவதால்தான் இந்த மணலுக்கு மேல் நாங்கள் இன்னும் இருக்கிறோம். அவசரத்தில் கட்டியதை ஒரு தரம் இடிபாடாய் அள்ளியவர்களும் நாங்கள்தான். உங்கள் படத்தில் அந்த நாட்கள் எங்கேயும் இல்லை. வாளியை எப்படி இறக்குவது என்று தெரிய வேண்டுமானால் எங்கள் வளவுக்கு வாருங்கள். கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். தேத்தண்ணியும் தருவேன்.

அந்த வியாழக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு பரலும் நிரம்பின. என் கணவர் அப்போதும் சீமெந்தின் மேலேதான் இருந்தார். சோற்றை அங்கேயே கொடுத்தேன்.

மறுநாள் காக்கா இரண்டு ஆட்களோடு ஏழு மணிக்கு வந்தார். பதினொன்றேகாலுக்கு பெல்ட் போட்டு முடிந்தது. ஒரு பரலும் அரைப் பரலும் தண்ணீர் பிடித்தது. அவர்கள் கை கால் கழுவிக்கொண்டு, ஜும்ஆவுக்கு ஏறாவூர் பஸ் ஏறினார்கள்.